பட்டறைக்கு அடியில் ஐந்து குட்டிகள்

என் மனைவி சத்தம் போட்டுக் கூப்பிடுகிற ஆள் இல்லை. அன்று காலை கொல்லைப்பக்கமிருந்து "என்னங்க, ஓடியாங்க" என்று அவள் குரல் வந்ததும், வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக அப்படியே ஓடினேன். பாம்பு என்றுதான் நினைத்தேன். அவளோ வெங்காயப் பட்டறையின் ஓரத்தில் தரையோடு தரையாகக் குனிந்து, செல்போன் வெளிச்சத்தை அடியில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"குட்டி போட்டுருச்சுங்க. அஞ்சு."

எங்கள் ஊர் வாலிகண்டபுரத்துக்குப் பக்கம். சின்ன வெங்காயத்தை அறுத்ததும் விற்காமல் கொட்டி வைப்பதற்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை உண்டு. கல் தூண்கள்மேல் மூங்கில் தட்டியை நிறுத்தி, அடியில் காற்று போக இடைவெளி விட்டிருப்போம். அந்த வருஷம் எல்லாம் மக்காச்சோளம்தான் என்பதால் பட்டறை காலி. அந்த இடைவெளியில், போன தடவை உதிர்ந்த வெங்காயச் சருகின் மேல், ஐந்து குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெளிந்துகொண்டிருந்தன. இரண்டு செவலை, இரண்டு கருப்பு. ஒன்று வெள்ளையில் கருப்புத் திட்டு, எல்லாவற்றிலும் சின்னது. கண் மூடியிருந்தது. காது தலையோடு ஒட்டியிருந்தது. நாய் என்றே சொல்ல முடியாது. பெருச்சாளிக் குஞ்சு மாதிரி இருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நுரையைத் துப்பிவிட்டு மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

நான் கத்தாரில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாதம் விடுப்பு. எங்கள் ஒரே மகள் பிறந்தபோது ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் நடந்தது, பல் முளைத்தது, பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது எல்லாம் எனக்குப் போனில் வந்த செய்திகள். பிறந்த உடனே எதையும் இந்தக் கையால் தொட்டதில்லை, ஒரு கோழிக்குஞ்சைக்கூட. அதனால்தான் அந்த ஆர்வம் என்று இப்போது எழுதும்போது சொல்லலாம். அப்போது அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. கையை நீட்டி ஒன்றை எடுக்கப் போனேன்.

மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து உறுமல் கேட்டது.

தாய் நாய் அங்கே நின்றது. செவலை நிறம் என்பதால் செவலை என்றே கூப்பிடுவார்கள். நான் ஊரில் இல்லாத நேரத்தில் எங்கிருந்தோ வந்து என் மனைவியிடம் ஒட்டிக்கொண்டது. அவளோடு வயலுக்குப் போகும், மகளைப் பள்ளி வேன் வரைக்கும் கொண்டுபோய் விடும். அந்த வீட்டில் அதற்குத் தெரியாத ஒரே ஆள் நான்தான். ஏர்போர்ட்டிலிருந்து வந்து இறங்கியபோது என்னையும் என் பெட்டியையும் பார்த்துக் குரைத்த குரைப்பில் தெருவே எட்டிப் பார்த்தது.

உறுமியதே தவிர அது குட்டிகளிடம் வரவில்லை. என் மனைவி விவரம் சொன்னாள். விடியலில் அவள் பார்த்தபோது குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்ததாம். அப்புறம் ஒரு குட்டி மடியில் முட்டியதும் துள்ளி எழுந்து வெளியே வந்துவிட்டதாம். சோறு பிசைந்து வைத்தாள், தின்றது. கழுத்தில் கையைப் போட்டு அழைத்து வந்து குட்டிகள் பக்கம் படுக்க வைத்தாள். படுத்தது. ஒரு குட்டி தவழ்ந்து வந்து வயிற்றைத் தொட்டதும் பல்லைக் காட்டி விலகி எழுந்தது. திரும்பவும் கொட்டகைக்கே போய்விட்டது.

"என்ன தாய் இது" என்று நான் அதைத் திட்டினேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கொஞ்ச நேரம் போனால் சரியாகிவிடும் என்று காத்திருந்தோம். குட்டிகள் ஊசி மாதிரிக் கத்திக்கொண்டிருந்தன. வெயில் ஏற ஏறச் சத்தம் குறைந்தது. தூங்குகின்றன என்று நான் சொன்னேன். அவள் கையை விட்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். வெளியே அவ்வளவு வெயில், குட்டி மட்டும் ஜில்லென்று இருந்தது. அதற்குப் பிறகு நான் உட்காரவே இல்லை.

பெரம்பலூர் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு செய்தோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் குட்டியானை வண்டி இருந்தது. சின்ன லோடு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முன்னால் நான் உட்கார்ந்தேன். பின்னால் தார்ப்பாயில் என் மனைவியும் அவள் மடியில் செவலையும். குட்டிகளை என்ன செய்வது? நான் கொண்டு வந்த அட்டைப்பெட்டியில் மாமனாருக்கென்று வாங்கிய தடித்த போர்வை ஒன்று பிரிக்காமல் இருந்தது. அதன் உறையைக் கிழித்து எடுத்து, குட்டிகளை உள்ளே சுருட்டி, என் மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி பள்ளத்தில் குதித்தபோதெல்லாம் உள்ளே கையை விட்டு எண்ணினேன்.

டாக்டர் ஒரு இளம் பெண். செவலையின் மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் மனைவியின் கையைப் பிடித்து அங்கே வைத்தார். கட்டிக்கொண்டு சூடாக இருந்தது. தலைச்சன் பிரசவம், பால் இறங்கிக் கட்டியிருக்கிறது, குட்டி வாய் வைத்தால் உயிர் போகிற வலி, அதனால்தான் ஓடுகிறது என்றார். வலிக்கும் கால்சியத்துக்கும் ஊசி போட்டார். அப்புறம் கேட்டார்.

"வூட்ல புதுசா யாராவது வந்திருக்காங்களா? ஆள் நடமாட்டம் சாஸ்தியா?"

என் மனைவி என்னைத்தான் பார்த்தாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடுப்பில் வந்திருக்கிறார், பார்க்க சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று அவள் சொன்னாள். இடம் அமைதியாக இல்லையென்றால் முதல் பிரசவத்தில் நாய்கள் இப்படிச் செய்யும் என்று டாக்டர் விளக்கினார். இருட்டான ஒரு அறையில், தெரிந்த ஒரே ஆள் கூட இருக்க வேண்டும். மடிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். நோய் வராமல் காக்கிற சீம்பால் தாயிடம்தான் இருக்கிறது, அதனால் எப்படியாவது குட்டிகளைக் குடிக்க வைக்கப் பாருங்கள், அதுவரை நீங்கள் புகட்டுங்கள் என்றார். மாட்டுப்பால் வேண்டாம், குட்டிகளுக்கான பால் பவுடர் திருச்சியில்தான் கிடைக்கும், அது வரும்வரை ஆட்டுப்பால் கொடுக்கலாம். கடைசியில் என்னைப் பார்த்து விரலை நீட்டினார்.

"முதல்ல சூடு. உடம்பு சூடாகாம ஒரு சொட்டு பால் ஊத்தக் கூடாது சார். ஊத்துனா செத்துப்போயிடும்."

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். முதலில் சூடு, முதலில் சூடு.

வீட்டுக்கு வந்ததும் சாமான் அறையைக் காலி செய்தோம். நெல் மூட்டைகளை நான் கூடத்துக்கு இழுத்துப் போட்டேன். ஜன்னலில் சாக்கைக் கட்டினேன். கோணியை விரித்து, அதன்மேல் பட்டறைக்கு அடியிலிருந்த அதே சருகைக் கொஞ்சம் அள்ளிப் போட்டாள் என் மனைவி. வாசனை மாறக் கூடாதாம். செவலையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குட்டிகள் என் பொறுப்பில், கூடத்தில். பாட்டில்களில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றி, பெட்டிக்குள் சுற்றிலும் அடுக்கினேன். ஒவ்வொரு குட்டியையும் எடுத்து நெஞ்சோடு வைத்துத் தேய்த்தேன். மெல்ல மெல்ல வெதுவெதுப்பு வந்தது. ஒரு கருப்புக்குட்டி என் சட்டைப் பொத்தானைச் சப்ப ஆரம்பித்தது. எனக்கு அந்த நிமிஷம் கூரைமேல் ஏறி நின்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஆட்டுப்பாலுக்கு எங்கே போவது? எங்கள் தெருவில் ஆடு வைத்திருப்பவர்கள் யாரும் கறப்பதில்லை, குட்டிக்கே விட்டுவிடுவார்கள். அப்போதுதான் கத்தாரில் என் அறையில் இருக்கும் நண்பனின் பார்சல் ஞாபகம் வந்தது. அவன் லப்பைக்குடிக்காட்டுக்காரன். அவன் அக்கா பாலுக்கென்றே உயரமான ஆடுகளை வளர்ப்பதாக எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். ஊருக்கு வந்ததும் பார்சலைக் கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பக்கத்து வீட்டம்மாவைக் குட்டிகளுக்குக் காவல் வைத்துவிட்டு, பார்சலை பைக்கில் கட்டிக்கொண்டு பறந்தேன்.

அந்த அக்கா பார்சலைப் பிரிக்கக்கூட இல்லை. தம்பி எப்படியிருக்கிறான், இளைத்துவிட்டானா என்று கேட்டபடியே சாப்பிட இலை போட்டார். இலையில் உட்காராமல் நான் விஷயத்தைச் சொன்னேன். முஸ்லிம் வீடு, நாய்க்குட்டிக்கு என்றால் என்ன நினைப்பாரோ என்று ஒரு தயக்கம் இருந்தது. அவர் எழுந்து போய்ச் செம்பைக் கழுவினார்.

"நாங்க நாய் வளக்கறதில்ல தம்பி. அதுக்காகப் பச்சக்குட்டி பட்டினி கெடக்கலாமா? எத்தன நாளைக்கு வேணுமோ வந்து வாங்கிக்குங்க."

சூடு ஆறாத பாலை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தார். சாப்பாட்டையும் கட்டிக் கொடுத்துவிட்டார்.

மருந்துக்கடையில் ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சு வாங்கி வந்தேன். குட்டியை மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது, வயிறு கீழே இருக்க, தலை கொஞ்சம் தூக்கியிருக்க வேண்டும் என்று டாக்டர் காட்டித் தந்திருந்தார். முதல் சொட்டு உதட்டில் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவதுக்கு ஒரு நாக்கு வெளியே வந்தது. ரோஜா நிறத்தில், நகத்தைவிடச் சின்ன நாக்கு. விழுங்கியது. தொண்டை ஏறி இறங்குவதை என் விரலில் உணர்ந்தேன்.

"குடிக்குதுடி" என்று கதவோரம் போய் மெதுவாகச் சொன்னேன். உள்ளேயிருந்து உறுமல்தான் பதிலாக வந்தது.

அன்றைக்கு இரவு முழுக்க அலாரம் வைத்து வைத்துப் புகட்டினேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் ஈரப்பஞ்சால் குட்டிகளின் அடிவயிற்றைத் தடவும் வேலையை எடுத்துக்கொண்டாள். தாய் நக்கினால்தான் அவற்றுக்கு ஒன்றுக்குப் போக வரும், இல்லையென்றால் நாம் தடவ வேண்டும். முதல் குட்டி அவள் கையை நனைத்தபோது பரிசு வாங்கியவள் மாதிரி என்னிடம் காட்டினாள்.

மறுநாள் காலையில் ஒரு கருப்புக்குட்டி இறந்திருந்தது. நேற்று என் பொத்தானைச் சப்பியதுதான். எந்த நேரத்தில் என்று தெரியவில்லை. சோளக்கொல்லை வரப்பில் புதைத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் வெள்ளைக்குட்டியும் அசைவில்லாமல் கிடந்தது. துண்டை எடுத்து முரட்டுத்தனமாகத் தேய்த்தேன். வாயில் சளி மாதிரி எதுவோ இருந்தது, விரலால் வழித்தேன். மறுபடி தேய்த்தேன். கை வலிக்கத் தேய்த்தேன். விட்டுவிடலாம் என்று நினைத்தபோது, அது கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தது. அப்புறம் கத்தியது. அந்தக் கத்தலைக் கேட்டு என் மனைவி அறையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். நான் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து குட்டியை வாங்கிக்கொண்டாள். சும்மா தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் தலையைத் தூக்காமல் பேசினாள்.

"நேத்து அதத் திட்டுனீங்கள்ல, என்ன தாய்னு. என்னையும் அப்படித்தான் சொன்னாங்க."

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். மகள் பிறந்த பிறகு அவளுக்கும் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டதாம். காய்ச்சல். பிள்ளையைப் பக்கத்தில் கொண்டு வந்தாலே உடம்பு நடுங்குமாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாளாம். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்காதவள் என்று அவள் அம்மா முதற்கொண்டு எல்லோரும் பேசினார்களாம். நான் போன் செய்தபோதெல்லாம், பிள்ளை நன்றாகக் குடிக்கிறாள் என்று சொன்னாளே, அது சங்கில் ஊற்றிய பவுடர் பாலாம். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா மட்டும் வெந்நீர்த் துணியோடு வந்து உட்காருவாராம். ஒத்தடம் கொடுப்பாராம். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாராம்.

"அவங்க எதுவும் சொல்லாம இருந்தாங்க பாருங்க, அதுலதான் எனக்குச் சரியாச்சு. ஒரு நா நானாவே புள்ளைய எடுங்கன்னு கேட்டேன்."

எட்டு வயது மகள் இருக்கிறாள் எங்களுக்கு. இதை நான் அன்றுதான் கேட்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. போனில் எப்படிச் சொல்வாள்? அப்புறம் என்ன ஆச்சு, முதலில் எந்தப் பக்கம் குடித்தாள், நீ என்ன பேசினாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வந்தது. பிள்ளையின் பசியைப் பார்த்துப் பயந்துபோனாளாம்.

"அதுகிட்ட யாரும் குட்டியக் கொண்டு போகாதீங்க. வெறும் ஒத்தடம் மட்டும் குடுக்கறேன். அதுவா கேக்கும்" என்றாள்.

பிறகு என்னை மூக்கைச் சுளித்துப் பார்த்தாள். என் மேல் இன்னும் சென்ட் வாசனை வருகிறது, அது கதவிடுக்கு வழியாக உள்ளே வருகிறது, அதனால்தான் செவலை உடம்பைத் தளர்த்தவே மாட்டேன் என்கிறது என்றாள். அவளுடைய சோப்பைப் போட்டுக் குளிக்கச் சொன்னாள். துவைக்கப் போட்டிருந்த அவள் சேலை ஒன்றை என்மேல் சுற்றிவிட்டாள். அந்தக் கோலத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வந்த சொந்தக்காரர்களை எல்லாம் அங்கேயே மடக்கி, தெருவில் நிற்க வைத்தே பேசி, சாக்லேட் கொடுத்து அனுப்பினேன். என் பெரியப்பா கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். கத்தாரில் இப்போது இப்படித்தான் உடுத்துகிறார்களா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சாக்லேட்டை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் சாய்ந்தது. அறைக்குள்ளிருந்து என் மனைவி மெதுவாகக் கூப்பிட்டாள். கதவைத் திறக்காமல் இடுக்கு வழியாகப் பார்க்கச் சொன்னாள்.

செவலை பக்கவாட்டில் படுத்திருந்தது. வெந்நீர்த் துணியின் கீழ் அதன் மடியிலிருந்து பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஒரு குட்டி கத்தியது. செவலையின் காது விடைத்தது. தலையை நிமிர்த்திக் கதவைப் பார்த்தது. அடித்தொண்டையில் ஒரு முனகல். நேற்றிலிருந்து நான் கேட்ட உறுமல் இல்லை அது.

"கேக்குதுங்க" என்றாள் அவள். "கொண்டாங்க. ஒண்ணே ஒண்ணு."

பெரிய செவலைக் குட்டியைச் சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, குனிந்து நீட்டினேன். செவலை என்னைப் பார்த்தது. என் மனைவி குட்டியை வாங்கி மடியோரம் விட்டு, ஒரு கையால் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே, மறு கையால் காம்பில் ஒரு சொட்டுப் பாலைப் பீய்ச்சிக் குட்டியின் வாயில் வைத்தாள். குட்டி கவ்வியது. செவலையின் உடம்பு ஒரு தரம் விறைத்தது. எழப்போகிறது என்று நினைத்தேன். அது தலையைத் திருப்பி, குட்டியை முகர்ந்து, பின்பக்கத்தை நக்க ஆரம்பித்தது. நக்கிய வேகத்தில் குட்டி உருண்டு விழுந்தது. மறுபடி தானே ஏறிக் கவ்வியது. சப்புகிற சத்தம் கதவு வரைக்கும் கேட்டது.

அடுத்தது, அடுத்தது என்று நாலையும் கொடுத்தேன். வெள்ளைக்குட்டிக்குக் கவ்வத் தெரியவில்லை. என் மனைவி பொறுமையாகப் பிடித்துக் காட்டினாள். அதுவும் கவ்விய பிறகு, நான் அப்படியே நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்தேன். சேலை அவிழ்ந்து கிடந்தது. மகள் வேனிலிருந்து இறங்கி ஓடி வந்து, என்னைப் பார்த்து, என்னப்பா ஆச்சு என்றாள். விரலால் உள்ளே காட்டினேன்.

பிறகு எல்லாம் சுலபம் என்று சொல்ல முடியாது. சில நாட்கள் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. வெள்ளைக்குட்டிக்கு மட்டும் சிரிஞ்சு தொடர்ந்தது. அதற்காக நான் ஒன்றுவிட்டு ஒரு நாள் லப்பைக்குடிக்காட்டுக்கு ஓடினேன். அந்த அக்கா குட்டிகளின் எடையை விசாரிப்பார், நான் கையால் அளவு காட்டுவேன். செவலை என்னை அறைக்குள் விட ஒரு வாரம் போல ஆனது. முதல் நாள் நிலைப்படி, அப்புறம் மூலை, அப்புறம் கோணியின் ஓரம். ஒரு காலையில் தன் முகத்தை என் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு தூங்கியது. கால் மரத்துப்போய்விட்டது. நான் எழவில்லை.

ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் என் மைத்துனன் ஒரு செவலைக்குட்டியைக் கேட்டு வைத்தான். பால் மறந்ததும் தருவதாகச் சொன்னோம். மற்றவற்றை யாருக்கும் தருவதாக இல்லை என்று மகள் அறிவித்துவிட்டாள்.

நான் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மகள் ஒரு ஷூவைப் போட்டுக்கொண்டு மற்றதைக் கையில் வைத்தபடி சாமான் அறையிலிருந்து கத்தினாள். வெள்ளைக்குட்டியின் மூடிய கண் ஒன்றில் மெல்லிய கீறல் விழுந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் தரையில் தலையை வைத்துக்கொண்டு பார்த்தோம். கீறல் விரிந்தது. உள்ளே நீலமும் சாம்பலுமாக ஈரமாக ஏதோ மின்னியது. அது எங்களைப் பார்த்ததா என்று தெரியாது, இன்னும் பார்வை வந்திருக்காது என்றுதான் பிறகு டாக்டர் சொன்னார். மகள் தன்னைத்தான் பார்த்தது என்றாள். இல்லை, என்னைத்தான் என்றாள் என் மனைவி. நான் இருவரோடும் சண்டை போட்டேன். வேன் இன்னொரு தரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. யாரும் எழுந்து போகவில்லை.